நான்காவது கண்ணாடி

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம் என்று என் தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லட்டும். லாரி ஆபீசில் இருபத்திரண்டு வருடம் மேனேஜராகக் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன குணம் வரும்? டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர் போனில் அழாத குறையாகச் சொல்லுவான். வெடித்த டயரைக் கொண்டு வா என்பேன். பத்தில் எட்டுப் பேரிடம் டயர் இருக்காது. இந்த அனுபவத்தோடுதான் அப்பாவின் ஐஸ் ஃபேக்டரியைக் கையில் எடுத்தேன்.

ஐஸ் ஃபேக்டரி என்பது பேருக்குத்தான். பதினைந்து வருடமாக அங்கே ஒரு கட்டி ஐஸ் உறையவில்லை. இரண்டடிக் கனச் சுவர், நடுவில் மரத்தூள் அடைத்தது. சாண் கனத்தில் கதவுகள். ஐஸ் கட்டியை இழுத்துப் போக வாட்டமாகப் போட்ட தரை, தண்ணீர் ஓட நீளமான ஒரு வாய்க்கால். அப்பா போன பிறகு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. நான் வேலையை விட்ட அடுத்த மாதமே தம்பி பேச்சை எடுத்தான். இரண்டு தெரு தள்ளி பேட்டரிக் கடை வைத்திருக்கிறான்; சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது.

"இடிச்சிட்டு வித்துடலாம்க்கா. ஆளுக்குப் பாதி. நீயும் நிம்மதியா இருக்கலாம்."

"இடிக்கறதுக்கா அப்பா கட்டினாரு?"

"அவரு ஐஸ் போடக் கட்டினாரு. இப்ப யாரு ஐஸ் வாங்கறா?"

"வெயில் நேரத்துல உள்ள போய் அஞ்சு நிமிஷம் நின்னு பாருடா. ஏசியே வேணாம். இந்தச் செவுத்துக்கே வாடகை குடுப்பாங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எனக்கு ஒரு வருடம். எல்லா அறைக்கும் ஆள் வர வேண்டும். கட்டடம் கெட்டியாக இருக்கிறது என்று இஞ்சினியர் எழுதித் தர வேண்டும். இரண்டும் நடந்தால் அவன் பங்கையும் எனக்கு நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிடுவான். ஒன்று தவறினாலும் இடித்துவிட வேண்டியது, நான் மூச்சு விடக் கூடாது.

இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் லாரியைக் கட்டி மேய்த்தேன். இது என்னுடையது. இதை விட்டால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. ஐஸ் உறைந்த பெரிய கூடத்தில் எட்டுத் தையல் மெஷின். டெய்லரம்மாவும் அவரோடு ஏழு பெண்களும். தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள் கரண்ட் வயரை இழுத்து, மேலே பலகை போட்டு மூடினோம். இஞ்சின் ரூம் காபிக் கடையானது. மாடியில் பழைய ஆபீஸ் அறைகள் ஒவ்வொன்றையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டேன். ஒரு வக்கீல், ஒரு கணக்கு வாத்தியார், போனிலேயே வேலை பார்க்கும் இரண்டு பேர். யாரை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே வக்கீலை வைத்தால் இரண்டு பேரும் காலி செய்துவிடுவார்கள். வக்கீலைக் காபிக் கடைக்கு மேலே வைத்தேன். வருகிற கட்சிக்காரன் எல்லாம் கீழே ஒரு காபி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறினான். நாலே மாதத்தில் ஒரு அறை தவிர எல்லாம் நிரம்பிவிட்டது.

அந்த ஒரு அறை மாடியில் மேற்குக் கோடியில் இருந்தது. சன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல். முதல் மாதமே இஞ்சினியர் வந்து அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிற பெண். பையிலிருந்து விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் சுவரில் ஒட்டினார். அதன் மேல் பேனாவால் தேதி எழுதினார்.

"பழைய விரிசலா, இன்னும் வளர்ற விரிசலான்னு தெரியணும்க்கா. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. செவுரு ஒரு நூல் நகர்ந்தாலும் உடைஞ்சிடும். உடைஞ்சா தொடாதீங்க. அப்படியே விட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க."

"உடையலைன்னா?"

"வருஷம் முழுக்க உடையலைன்னா நான் தைரியமா எழுதித் தருவேன்."

தம்பியிடம் இதை நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அவன் ஒரு ஆளோடு வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, கையில் இரண்டு போன். நிலம் வாங்கி விற்கிறவன் என்று மூஞ்சியிலேயே எழுதியிருந்தது. "சும்மா பாக்கணும்னாரு, கூட்டிட்டு வந்தேன்" என்றான் தம்பி. வெள்ளைச் சட்டை சுவரைத் தட்டிப் பார்த்தான், அண்ணாந்து பார்த்தான், அடியளந்து நடந்தான். இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். நான் காபிக் கடைக்காரரோடு குழாய் விஷயமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆனது. மறுநாள் காலை மேலே போய்ப் பார்த்தால் கண்ணாடி சரியாக நடுவில் இரண்டாக உடைந்து கிடந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அடப்பாவி! இடிக்க வேண்டும் என்றால் இப்படியா? நான் சொல்லாவிட்டால் என்ன, கண்ணாடி எதற்கென்று நிலம் விற்கிறவனுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இஞ்சினியருக்கு போன் செய்யக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். செய்தால் என்ன ஆகும்? சுவர் நகர்கிறது என்று எழுதுவார். வெள்ளைச் சட்டை சிரிப்பான். சுவர் நகர்ந்து உடைந்ததா, ஆள் நகர்ந்து உடைத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தானே தெரியும்.

போட்டோவுக்குச் சட்டம் போடுகிற கடையில் அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டி வாங்கினேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். இஞ்சினியர் எழுதிய அதே தேதி, அதே சாய்ந்த எழுத்து. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அவரே வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒருவன் என்னை ஏய்க்கப் பார்த்தான், நான் அவனுக்கு மேலே போய்விட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது மாதம் தம்பி மனைவி வந்தாள். சுடிதார் லூசாக இருக்கிறது, டெய்லரம்மாவிடம் பிடித்துத் தைக்கணுமாம். ஊரில் வேறு டெய்லரே இல்லை பாருங்கள்! அவள் மாடிக்குப் போனதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அந்த வாரமே கண்ணாடி மறுபடி உடைந்திருந்தது. சட்டக் கடைக்காரர் இந்த முறை, "என்னம்மா, அடிக்கடி இத்தனூண்டு கண்ணாடியா வாங்கறீங்க?" என்று கேட்டார். பல்லி உடைத்துவிட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இப்படி மூன்றாவது கண்ணாடி ஏறியது. அதற்குப் பிறகு தம்பி வீட்டோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவன் போன் செய்தால் எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசிப்பேன், இவன் எதற்காகக் கூப்பிடுகிறான் என்று. "நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்டால்கூட உள்ளே ஏதோ வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும்.

ஐந்தாவது மாதம் இஞ்சினியர் வந்தார். நான் ஒன்றும் தெரியாதவள் போல் நின்றேன். அவர் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்க்கா. அஞ்சு மாசமா அசையவே இல்லை. மொட்டை மாடியைக் கேட்டீங்கல்ல? செய்யலாம். தண்ணித் தொட்டி, செடித் தொட்டி எல்லாம் வைக்கலாம். இதை நம்பி எழுதித் தரேன்."

மொட்டை மாடியைக் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வருகிற வழி பூராவும் செடி, நடுவில் நாற்பது நாற்காலி. அவர் எழுதிக் கொடுத்தார். நான் வேலையை ஆரம்பித்தேன். கொத்தனார் மண் மூட்டையை ஏற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த அறையை அதன் பிறகு பூட்டியே வைத்தேன். பழைய பூட்டுக்கு அப்பா காலத்துச் சாவி ஒன்று தம்பியிடம் இருந்தது. அதனால் பூட்டையே மாற்றினேன். சன்னலுக்கு உள்ளே தாழ்ப்பாளும் போட்டேன். அதோடு விட்டேனா? டெய்லரம்மாவிடம் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி நாலு வாங்கி, பொடி செய்து, கதவுக்கு உள்ளே தரையில் தூவினேன். யாராவது காலை வைத்தால் தடம் விழும். லாரி ஆபீசில் டீசல் திருடனை இப்படித்தான் பிடித்தேன்.

எட்டாவது மாதம் கதவைத் திறந்தேன். பொடியில் ஒரு எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. கண்ணாடி உடைந்திருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எவ்வளவு கைகாரனாக இருக்கிறான், பொடியை மறுபடி தூவிவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் தோன்றியது. நேராக அவன் கடைக்கு நடந்தேன்.

கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

"ஏன்டா, உனக்கு வெக்கமா இல்லையா? கண்ணாடிய உடைக்க எவனை அனுப்பினே?"

கையில் பேட்டரியோடு நிமிர்ந்தான். "என்ன கண்ணாடிக்கா?"

"நடிக்காதே. மூணு தடவை! உன் பெண்டாட்டியையும் இதுல இழுத்து விட்டிருக்கே."

"அவளை எதுக்கு இழுக்கறே? எனக்கு ஒண்ணும் புரியல. உக்காரு, தண்ணி குடி. நிதானமாச் சொல்லு."

"உன் தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம். பூட்டு மாத்தினப்புறமும் உள்ள போறேன்னா நீ லேசுப்பட்ட ஆளு இல்ல."

வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தம்பியின் காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவமானம் வந்தால் அவனுக்குக் காதுதான் சிவக்கும். மேசை டிராயரைத் திறந்து ஃபேக்டரிச் சாவிக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"இந்தா. எல்லாச் சாவியும் இதுல இருக்கு. இனிமே அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். நீ போ."

குற்றவாளிதான் சாவியைக் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு வெற்றி பெற்ற சந்தோஷம். நான்காவது கண்ணாடியை அன்று மாலையே ஒட்டினேன். இனி உடைக்க ஆளில்லை என்று தேதியை நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

மூன்று வாரம் போனது. மொட்டை மாடி தயார். செடி நட்டாகிவிட்டது, தொட்டியில் முதல் முறையாகத் தண்ணீர் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. காலை பதினோரு மணிக்குக் கொத்தனார் மோட்டாரைப் போட்டார். நான் அந்தக் கோடி அறையில் உட்கார்ந்து, விரிசல் இனிமேல் தொல்லை தராது என்ற தைரியத்தில், அங்கே என்ன கடை வைக்கலாம் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தலைக்கு மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். ஊசி ஒடிகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பார்க்கப் பார்க்க இரண்டு துண்டுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி வந்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உட்கார்ந்த இடத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் ஒரு கணம் யாராவது இருக்கிறார்களா என்றுதான் தேடினேன். பிறகு எழுந்து ஓடினேன்.

"மோட்டாரை நிறுத்துங்க! தொட்டியத் திறந்து விடுங்க!" என்று மாடிப்படியிலிருந்தே கத்தினேன். கொத்தனார் என்ன ஏது என்று கேட்காமல் நிறுத்தினார். வக்கீல் அறையைத் தட்டினேன், வாத்தியாரின் கையைப் பிடித்து இழுத்தேன். கீழே கூடத்தில் எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க. உடனே."

"நாளைக்கு டெலிவரிக்கா. ஒரு பத்து நிமிஷம்..." என்றார் டெய்லரம்மா.

"ஒரு நிமிஷம் கிடையாது. அப்படியே போட்டுட்டு வாங்க!"

என் முகத்தைப் பார்த்து அவர் எழுந்தார். எல்லாரும் தெருவுக்கு வந்தோம். ஒரு பெண் கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள், எங்கே வைப்பது என்று தெரியாமல். இஞ்சினியருக்கு போன் செய்தேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, தம்பிக்கும் செய்தேன். அவன் எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். "செவுரு நகருதுடா" என்றேன். "நீ வெளிய இருக்கியா?" என்று கேட்டான். அது ஒன்றைத்தான் கேட்டான்.

இஞ்சினியர் வந்து சேர்வதற்குள் அவன் ஒரு சின்ன லாரியில் இரும்பு முட்டுக்கால் பத்துப் பன்னிரண்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். யாரோ தெரிந்த காண்டிராக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். என்னைப் பார்க்காமல் கொத்தனாரோடு இறக்க ஆரம்பித்தான். இஞ்சினியர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தனியாக மேலே போய்விட்டு வந்தார். முகத்தில் கவலை இருந்தது, பயம் இல்லை.

"பயப்படாதீங்கக்கா. எட்டு மாசத்துக்கும் மேல உடையாத கண்ணாடி தண்ணி ஏத்தினதும் உடைஞ்சிருக்கு. அப்ப பாரம்தான் காரணம், அஸ்திவாரம் நல்லாத்தான் இருக்கு. தொட்டிய இறக்கிட்டு, முட்டுக் குடுத்துட்டா ரெண்டு வாரத்துல எல்லாரும் உள்ள வரலாம்."

டெய்லரம்மா "அப்பாடா" என்றார். வக்கீல் போனில் யாரிடமோ இரண்டு வாரம் என்று சொல்ல ஆரம்பித்தார். தம்பிகூட முதல் முறையாக என் பக்கம் திரும்பி, "பரவாயில்ல விடு. தொட்டி இல்லாட்டி என்ன, நான் சொன்னபடி கையெழுத்துப் போடறேன்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த நிமிடம் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, மறைக்கவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. கூடத்துக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எட்டு நாற்காலியும் எழுந்து வந்தபடியே கோணலாக நின்றன. அந்த நாற்காலிகள் மேற்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தன. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இவர்கள் வந்து உட்காருவார்கள்.

"அது நீங்க ஒட்டின கண்ணாடி இல்ல" என்றேன்.

இஞ்சினியர் புரியாமல் சிரித்தார். "நான் எழுதின தேதி இருக்கேக்கா."

"நான் எழுதினது. இது நாலாவது. இதுக்கு முன்னாடி மூணு உடைஞ்சுது. உங்ககிட்ட சொல்லாம மாத்திட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. எந்தெந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். முதல் இரண்டும் மாடியில் மண் ஏறுவதற்கு முன்பே உடைந்தவை என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"அப்ப பாரம் இல்ல. அஸ்திவாரமே இறங்கிட்டிருக்கு." என்னை நேராகப் பார்த்தார். "நான் உங்க கண்ணாடியை நம்பித்தானே மாடிக்கு எழுதிக் குடுத்தேன்? இனிமே யாரும் உள்ள போகக் கூடாது. இத நான் திறக்கச் சொல்லி எழுதவே மாட்டேன்."

டெய்லரம்மா என் எதிரே வந்தார். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவர். "எட்டுப் பேரு அந்தச் செவுத்துக்கு அடியில உக்காந்திருந்தோம். ஏன் சொல்லல நீ?" என்று கேட்டார்.

"தம்பிதான் உடைக்கறான்னு நெனச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

தம்பி தோளில் இருந்த முட்டுக்காலைக் கீழே வைத்தான். காது சிவந்திருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"இடிக்கணும்னு உன் மூஞ்சிக்கு நேராத்தானேக்கா சொன்னேன்? திருட்டுத்தனமா வந்து உடைப்பேன்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

எனக்கு அழுகை வந்தது. கட்டடம் போய்விட்டது என்பதற்காக இல்லை. அவன் கேட்டதற்குப் பதில் தேடினேன். அவன் ஒரு பொய் சொன்ன நாள், யாரையாவது ஏமாற்றிய நாள், எதையாவது எடுத்துக் காட்டிவிட்டால் போதும் என்று அவன் பிறந்ததிலிருந்து தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவன் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான். பிறகு குனிந்து முட்டுக்காலைத் தூக்கிக்கொண்டு போனான்.